வாரச் சமையல் பட்டியலும் கோயம்பேட்டுப் பையும்: உண்மையில் மிச்சமாவது என்ன?

பெரம்பூர்ப் பட்டியல்:
கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் நான்கு பேர் குடும்பம் எங்களுடையது. ஆறு மாதங்களாகச் சனிக்கிழமை இரவில் ஏழு நாள்களுக்கான சமையலை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தைக்குச் சென்று எல்லாக் காய்களையும் ஒரே தடவையில் வாங்கி வருகிறேன். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் கிடையாது. காய் விலையில் கிடைக்கும் மிச்சம் சிறியதுதான், மறைக்கவில்லை. ஆனால் மாலை ஏழரை மணிக்குக் களைத்து வந்து, "இன்று இரவுக்கு என்ன?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த நேரத்தில்தான் கைபேசியில் பரோட்டாவை வரவழைக்கும் எண்ணம் பிறக்கிறது. முன்பு வாரம் மூன்று முறை நடந்தது, இப்போது மாதத்தில் இரண்டு முறைதான் நடக்கிறது. பட்டியல் இல்லாத வீட்டில் பணம் கடையில் வீணாவதில்லை, அந்த ஏழரை மணியில்தான் வீணாகிறது என்பது என் வாதம்.

வண்டிக்கடை வாடிக்கையாளர்:
ஏழரை மணி வாதத்தை ஏற்கிறேன், கோயம்பேட்டுப் பையை ஏற்க இயலாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ தக்காளி வாங்கி, வெள்ளிக்கிழமை அதில் ஒன்றரைக் கிலோவைக் குப்பையில் கொட்டுபவர், கிலோவுக்கு என்ன விலை கொடுத்தார் என்று மறுபடியும் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முளைக்கீரையும் கொத்தமல்லியும் மூன்றாம் நாளே தலை சாய்த்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அந்த நாள்களில் தாளில் தக்காளி ரசம் என்று எழுதி வைத்தவர் என்ன விலையானாலும் வாங்கித்தான் இருப்பார். தெருவில் வரும் வண்டியைப் பார்த்த பிறகு சமையலைத் தீர்மானிக்கும் என்னைப் போன்றவர்கள் மோர்க்குழம்புக்கு மாறிவிட்டோம். முகூர்த்த நாள்களை ஒட்டியும் விலை இப்படித்தான் ஏறும். ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிய தாளுக்கு அது தெரியாது.

பெரம்பூர்ப் பட்டியல்:
தாளில் நான் குழம்பின் பெயரை எழுதுவதில்லை ஐயா. "திங்கள்: சீக்கிரம் வாடும் காய், பருப்பு" என்ற அளவில்தான் எழுதுகிறேன். கீரையும் வெண்டைக்காயும் முதல் இரண்டு நாள்களில் தீர்ந்துவிடும். நடுவில் பீன்ஸ், முட்டைக்கோஸ். வாரக் கடைசிக்குச் சேனை, உருளை, வெட்டாத பூசணி. அன்று சந்தையில் எது மலிவோ அது அந்தந்தக் கட்டத்துக்குள் வந்து உட்காரும். காய்களைக் கழுவி ஈரத்தோடு உள்ளே வைக்காமலும், வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாமலும் இருந்தாலே பாதி அழுகல் குறைந்துவிடும். உங்கள் ஒன்றரைக் கிலோவுக்குக் காரணம் பட்டியல் அன்று, அளவு தெரியாமல் வாங்கியதுதான்.

ஓஎம்ஆர் ஊழியை:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நேரத்தைப் பற்றிய பேச்சையே காணோம். எங்கள் வீட்டிலும் இந்த முறையை நான்கு வாரம் கடைப்பிடித்தோம். ஞாயிறு காலை கணவர் பெருமையோடு இரண்டு பைகளைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். அதன்பின் காய்களைத் தரம் பிரிப்பது, கீரை ஆய்வது, சாம்பார் வெங்காயம் உரிப்பது, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைப்பது என்று மாமியாருக்கும் எனக்கும் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. வேலை நாள்களில் தினமும் அரை மணி நேரம் மிச்சமானது மெய்தான், ஆனால் அது என்னுடைய ஒரே விடுமுறை நாளிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட நேரம். தயவுசெய்து இதற்கு மிச்சம் என்று பெயரிடாதீர்கள். இப்போது கடை மாவு வாங்குகிறேன், விலை அதிகம் என்று தெரிந்தேதான் வாங்குகிறேன்.

ஓய்வூதியக் கணக்கர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மளிகையையும் காய்கறியையும் ஒரே தாளில் எழுதுவதே பிழை என்று எனக்குப் படுகிறது. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவற்றை மாதம் ஒரு முறை வாங்கலாம், காய்களை வாரம் இரு முறை வாங்கலாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது அட்டை வைத்திருப்பவர்கள் அதை முதலில் வாங்கிக்கொண்டு மீதியைத்தான் அண்ணாச்சி கடைப் பட்டியலில் எழுத வேண்டும்.

மொத்தமாக வாங்குவதிலும் ஓர் எல்லை உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிப் பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததால் ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. வரி மிச்சம் என்று நானும் ஒன்றைத் தூக்கி வந்தேன். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீட்டில் அது மழைக்காலம் வரை நீண்டு, வண்டு வைத்து, இரண்டு வெயில் நாள்கள் மொட்டை மாடியில் நான் காவல் இருக்க வேண்டியதாயிற்று.

வண்டிக்கடை வாடிக்கையாளர்:
வாரம் இரு முறை என்றால் எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஓஎம்ஆர் சகோதரியின் கேள்விக்குப் பெரம்பூர் அம்மையார் இன்னும் விடை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் கீரை ஆய்வது யார்?

பெரம்பூர்ப் பட்டியல்:
நான்தான். எழுதுவது, சுமப்பது, ஆய்வது மூன்றும் நானே என்பதால் அது தனி வேலையாக என் கண்ணில் படவே இல்லை. மேலே நான் சொன்ன கணக்கில் ஞாயிற்றுக்கிழமையை எங்கும் கழிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டியலைக் கைவிட மாட்டேன், ஏழரை மணிக்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அன்று வண்டியில் வருவதை வாங்கிக்கொள்கிறேன். தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே நறுக்குபவர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். சாம்பார் வெங்காயத்துக்கு எதிரே என் மூத்த மகனின் பெயர் இருக்கிறது, அவன் இன்னும் பார்க்கவில்லை.

ஓஎம்ஆர் ஊழியை:
பார்த்த பிறகு என்ன சொன்னான் என்பதையும் இங்கே எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளை அதன் பிறகுதான் மறுபடி ஒட்டுவேன்.