பிக் ஸ்டார் (எழுபதுகளின் மெம்பிஸ் ராக் குழு): மறக்காத ஒரு நேரம் இருந்தால் எழுதுங்கள்

ஆஸ்டின்வாசி:
2010 மார்ச் 20, ஆஸ்டினில் ஆன்டோன்ஸ் கிளப். குழுவின் பாடகர் அலெக்ஸ் சில்டன் 17-ம் தேதி நியூ ஆர்லியன்ஸில் இறந்துவிட்டார். 20-ம் தேதி இங்கே பிக் ஸ்டார் கச்சேரி. ரத்து செய்யாமல் அதையே அஞ்சலியாக மாற்றினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் வந்து பாட, நான் டிரம்ஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவின் டிரம்மர் ஜோடி ஸ்டீஃபன்ஸ் இரவு முழுக்க நண்பருக்காக வாசித்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஆண்டி ஹம்மல் மேடைக்கு வந்தார். குழுவின் பழைய பாஸ் கிட்டார்காரர், இரண்டாவது ஆல்பமான 'ரேடியோ சிட்டி'யோடு விலகியவர். அந்த இரண்டு பேரையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதே வருடம் ஜூலையில் ஹம்மலும் இறந்துவிட்டார். அந்த நிமிடத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடமாக இருந்தது.

பாப்லர்சாலை:
நல்ல அனுபவம். ஆனால் பிக் ஸ்டார் என்றாலே எல்லாரும் சில்டனில் ஆரம்பிப்பது எனக்கு ஒப்பவில்லை. அவர் 16 வயதிலேயே பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவில் 'தி லெட்டர்' பாடி நாடு முழுக்கத் தெரிந்தவர். 1972-ல் வந்த முதல் ஆல்பத்தின் அந்தப் பளபளப்பு, அடுக்கடுக்கான குரல்கள், கிட்டார் எல்லாவற்றிலும் குழுவின் இன்னொரு பாடகர், கிட்டார்காரர் கிறிஸ் பெல்லின் உழைப்பு இருக்கிறது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், கடையில் இசைத்தட்டு இல்லை. ஸ்டாக்ஸ் என்ற இசை நிறுவனத்தின் விநியோகம் அப்படி. பெல் மனம் உடைந்து அந்த வருடமே விலகினார். 1978 டிசம்பர் 27 அன்று மெம்பிஸில் பாப்லர் அவென்யூவில் கார் விபத்து. வயது 27.

நான் தினமும் வேலைக்குப் போவது அந்தச் சாலையில்தான். ஒரு மழை நாள், சிக்னலில் நிற்கும்போது பெல்லின் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' ஓடியது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை, பின்னால் ஹாரன். அவர் உயிரோடு இருந்தபோது தனியாக வெளிவந்தது அந்த ஒரு சிங்கிள்தான். ஆல்பம் வந்தது 1992-ல்.

சிவப்புக்கூரை:
என்னுடையது சின்னது. ஓர் அருங்காட்சியகத்தில் சிவப்பாக எரியும் கூரை, நடுவில் ஒரு பல்பு, வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த படம். 'ரேடியோ சிட்டி' அட்டை! அவ்வளவு பெரிதாக எதிரே பார்த்ததும் காதில் அந்த ஆல்பத்தின் 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டு தானாக ஒலித்தது.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாவதான 'தேர்ட்' ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதைப் பதிவு செய்தது 1974-ல், வெளிவந்தது 1978-ல். அதற்குள் குழுவில் மிச்சம் சில்டனும் ஜோடியும்தான், தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சன். ஒவ்வொரு பதிப்பிலும் பாட்டு வரிசை மாறும். எது சரியான வரிசை என்று சண்டை போடாதீர்கள். முதலில் 'ரேடியோ சிட்டி'யை முழுசாக, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அப்புறம் முதல் ஆல்பம். 'தேர்ட்டீன்' வரும்போது ஃபோனைக் கீழே வையுங்கள். மெம்பிஸ் போனால் மேடிசன் அவென்யூவில் இந்த ஆல்பங்கள் பதிவான ஆர்டென்ட் ஸ்டூடியோவை வெளியிலிருந்தாவது பாருங்கள். குழுவின் பெயர் பக்கத்தில் இருந்த பிக் ஸ்டார் பல்பொருள் கடையின் பெயர்தான். ஆர்டென்டில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட ஜான் ஃப்ரையை மறந்துவிட்டு இந்த ஆல்பங்களைப் பற்றிப் பேசவே கூடாது.

ஆஸ்டின்வாசி:
பாப்லர்சாலை, பெல்லைக் குறைத்து நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் 'செப்டம்பர் கேர்ல்ஸ்' சில்டன் எழுதியது, அப்போது பெல் குழுவில் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

பாப்லர்சாலை:
சரி, அது நியாயம். ஆனால் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே பெல்லின் குரல். 'ஃபீல்', முதல் 30 வினாடி. போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.