பெரிய தலைக்குக் குளிர் தொப்பி எங்கே கிடைக்கும்?

வணக்கம். சிரிக்காமல் படித்தால் நல்லது. எனக்குத் தலை கொஞ்சம் பெரிது. புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி டேப் வைத்து அளந்தேன்: 63 சென்டிமீட்டர்.

நானுஓயாப் பக்கம் இருக்கிறேன். விடிகாலை 5 மணிக்கு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது காதை மூடாமல் நிற்க முடியுமா?

நுவரெலியா டவுனில் ஜாக்கெட் விற்கிற கடையெல்லாம் ஏறி இறங்கியாயிற்று. "ஃப்ரீ சைஸ் அண்ணே, யாருக்கும் போகும்" என்பார்கள். போகும், சரி. பத்து நிமிடத்தில் மெல்ல மேலே ஏறி உச்சந்தலையில் உட்கார்ந்துகொள்ளும். இழுத்துவிட்டால் நெற்றியில் சிவப்புக் கோடு, அப்புறம் தலைவலி. மங்கி கேப் இன்னும் மோசம், வாயைத் திறக்க விடாது. அம்மா சொன்னார் என்று ஒரு தொப்பியைப் பூசணிக்காயில் மாட்டி இரண்டு நாள் வைத்தேன். கழற்றியதும் பழையபடி சுருங்கிவிட்டது. அக்ரிலிக் நூல் அப்படித்தான். கம்பளியாக இருந்தால் நனைத்து இழுத்துக் காயவைக்க, கொஞ்சம் விரிந்திருக்கும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கையால் பின்னித் தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பின்னுகிறவர்களிடம் ஒரு சந்தேகம்: பின்னல் இழுபடும் என்பதால் தலையளவைவிடக் குறைத்துத்தானே பின்னுவீர்கள்? உறுத்தாமல் இருக்க உள்ளே பிளீஸ் (fleece) என்கிற மெத்தென்ற துணி வைத்துத் தைத்தால் அந்த இழுவை குறைந்துவிடுமே. அப்போது எத்தனை சென்டிமீட்டர் சொல்ல வேண்டும்?

நிறம் எதுவானாலும் சரி. உச்சியில் குஞ்சம் மட்டும் வேண்டாம்.