பிரெஞ்சுப் பெயர் வேண்டும் என்கிறார்கள், எதை வைப்பது?

வில்லியனூரான்:
லியோனில் இருக்கும் என் தங்கைக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர். தமிழில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. பிரெஞ்சுப் பெயர்களைப் பொருளோடு எழுதித் தரும் பொறுப்பு என் தலையில். தேடினால் எரிச்சல்தான் மிச்சம். கெவின், டிலன், லியாம் எல்லாம் பிரெஞ்சுப் பெயர் என்று பட்டியலில் நிற்கின்றன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1803 ஏப்ரல் 1-இல், நெப்போலியன் முதல் கான்சலாக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்தபோது வந்த சட்டம் நல்ல சட்டம். நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்கள், பழங்கால வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்கள், இவற்றை மட்டுமே பிறப்புப் பதிவேட்டில் எழுதலாம் என்றது. லூயி, எத்தியென், ழென்வியேவ் என்று காதில் விழுந்தவுடனே இது பிரான்சு என்று தெரிகிறதே, அது அந்தச் சட்டம் தந்தது. 1993-இல் அதை எடுத்தார்கள், கெவின்கள் வந்துவிட்டார்கள். ஓர் அரசு தன் பெயர் மரபைக் காப்பதில் என்ன தப்பு?

ரென் இளவேனில்:
அண்ணா, தேதியைப் பாருங்கள். பிரான்சில் கெவின் உச்சத்தில் இருந்தது 1991-இல். அந்த ஒரு வருடத்தில் 13,000-க்கும் மேற்பட்ட ஆண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர். நீங்கள் சொல்லும் தளர்வு வந்தது 1993 ஜனவரியில். சட்டம் புத்தகத்தில் இருக்கும்போதே கெவின் நாட்டின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க அது எதைக் காத்தது?

அடுத்து, நீங்கள் காக்கச் சொல்லும் பெயர்களின் வேரைப் பாருங்கள். லூயி ஜெர்மானியப் பெயர். ஃபிராங்க் மன்னன் குளோவிஸின் பெயர்தான் தேய்ந்து லூயி ஆனது. புகழ், போர் என்ற இரண்டு சொற்கள் அதில் இருக்கின்றன. ஷார்ல், ஆன்ரி, கியோம், ரொபேர் எல்லாம் அதே வழியில் வந்தவை. எத்தியென் கிரேக்கம், மகுடம் என்று பொருள். ழான், ழாக், மத்தியூ, மரி நான்கும் எபிரேயம். ரெனே லத்தீன், மறுபடி பிறந்தவன். சரி, பிரான்சுவாவாவது பிரெஞ்சுதானே என்பீர்கள். அந்தப் பெயரை ஐரோப்பா முழுக்கப் பரப்பியவர் அசிசியில் பிறந்த இத்தாலியப் புனிதர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஜொவான்னி. பிரான்சோடு துணி வியாபாரம் செய்த அப்பா, பிரான்செஸ்கோ என்று அழைக்கத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

வில்லியனூரான்:
வேர் எங்கிருந்து வந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. குளோவிஸ் தேய்ந்து லூயி ஆக எத்தனை நூற்றாண்டு ஆயிற்று? பிரெஞ்சு வாயில் உருண்டு உருண்டு தேய்ந்த பெயர் அது. 18 அரசர்கள் அந்தப் பெயரோடு எண்ணப்பட்டார்கள். கெவின் அப்படி வரவில்லை. அயர்லாந்துப் பெயர் ஆங்கில உருவத்திலேயே, அமெரிக்கப் படங்களோடு வந்து இறங்கியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தேதிக்கும் பதில் உண்டு. 1966-லேயே அரசு அறிவுறுத்தல் ஒன்று வந்து, வட்டாரப் பெயர்கள், வெளிநாட்டுப் பெயர்கள், சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் ஏற்கும்படி பதிவாளர்களுக்குச் சொல்லிவிட்டது. அணையில் ஓட்டை விழுந்தது அப்போதே.

ரென் இளவேனில்:
அந்த 1966 ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியில் குடியிருக்கிறேன். இங்கே இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

லெ கோர்னிக் என்ற குடும்பத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் ஆறு பேருக்குப் பெற்றோர் வைத்த பிரெட்டன் மொழிப் பெயர்களைப் பதிவாளர் ஏற்கவில்லை, நாள்காட்டியில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. பெற்றோரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் பதிவாகாததால் அந்தப் பிள்ளைகள் அரசின் கண்ணுக்கு இல்லாதவர்களாகவே வளர்ந்தார்கள். பிள்ளைகளுக்கான குடும்ப உதவித்தொகை கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம். பிரெட்டன் மொழி அந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கும் மொழி. நீங்கள் சொன்ன உருண்டு தேய்ந்த கணக்கு அதற்கும் பொருந்தும்தானே? ஆனால் அது பாரிஸ் வாயில் தேயவில்லை. அதுதான் குற்றமாகப் போயிற்று.

இது பழைய கதையும் இல்லை. 2017-இல் கேம்பேர் நகரில் ஒரு குழந்தைக்கு ஃபான்ஷ் என்று பெயர் வைத்தார்கள். பிரான்சுவாவின் பிரெட்டன் செல்லப் பெயர்தான் அது. எழுதும்போது n எழுத்தின் தலையில் ஒரு சிறு வளைகோடு வரும். அந்தக் கோடு பிரெஞ்சு எழுத்து முறையில் இல்லை என்று கேம்பேர் நீதிமன்றம் மறுத்தது. 2018 நவம்பரில் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. அரசுத் தரப்பு அதோடு நிற்காமல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2019-இல் அங்கே மனு தள்ளுபடியானது. இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில் இருக்கும் ஒரு வளைகோட்டுக்காக ஓர் அரசு இவ்வளவு தூரம் போனது, அண்ணா. இதைக் காப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நித்திலா:
இரண்டு பேரும் சட்டத்தில் இறங்கிவிட்டீர்கள். வில்லியனூர் அண்ணன் கேட்டது பொருளோடு ஒரு பட்டியல். நான் சொல்வது, பிரெஞ்சுப் பெயரில் பொருளைத் தேடவே வேண்டாம். குளோத் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது! அதன் லத்தீன் வேருக்கு நொண்டி என்று பொருள். செசில் என்ற அழகான பெண் பெயரின் வேர் குருடு என்ற சொல்லோடு சேர்ந்தது. பிளேஸ் என்றால் திக்கிப் பேசுபவர். பொருள் பார்த்து வைத்தால் ஒரு வீட்டிலும் இந்தப் பெயர்கள் இருக்காது. செசில் அங்கே இசையின் காவல் புனிதை, நவம்பர் 22 அவர் நாள். அந்த நினைவுதான் பெயர். ஞானப்பெற்றோர் பெயர், பாட்டி பெயர், பிறந்த நாளுக்குரிய புனிதர் பெயர் என்றுதான் அந்த ஊரில் பெயர் இறங்கி வந்தது. ஆண்களுக்கு நடுப்பெயராகப் பெண் பெயரான மரி வருவதும் உண்டு. அதிபராக இருந்த மித்தெரானின் முழுப்பெயரில்கூட மரி இருக்கிறது.

வில்லியனூரான்:
தங்கச்சி, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். பெயர் புனிதர் நாளோடும் குடும்பத்தோடும் பின்னியது என்றால், அந்த நாள்காட்டியைப் பிடித்து வைத்த சட்டம்தானே அந்தப் பின்னலையும் காத்தது?

நித்திலா:
இல்லை. அந்தப் பழக்கம் சட்டத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. 1539-இல் முதலாம் பிரான்சுவா அரசர் ஞானஸ்நானப் பதிவேடு கட்டாயம் என்று ஆணை போட்டபோதே, கோயில் ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் புனிதர் பெயர்கள்தான். வீடு காத்ததை எல்லாம் அரசின் கணக்கில் எழுதாதீர்கள்.

வடமராட்சியான்:
அண்ணை, நான் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறன். வில்லியனூரான் அண்ணை சொல்வதில் பாதி எனக்குப் பிடிக்கிறது, பாதி பயமாக இருக்கிறது. மகனுக்கு மத்தியூ என்று வைத்தோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு தடவையும் தடுமாறினதில்லை. இரண்டாவது பெயர் தமிழ். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளை வளரும் ஊரின் பெயரை மதித்து வைப்பதை அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டன்.

ஆனால் அது எங்கள் முடிவு. 1972-இல் வந்த சட்டப்படி, குடியுரிமை எடுக்கும்போது பெயரைப் பிரெஞ்சாக்கிக்கொள்ளலாம். விருப்பம் இருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் விடலாம். நான் விட்டேன். என் பெயர் அப்பா வைத்தது. உங்கள் 1803 திரும்பி வந்தால் மகனின் இரண்டாவது பெயர் எந்த நாள்காட்டியில் இருக்கும்? 2021-இல் எரிக் செமூர் என்ற தீவிர வலதுசாரி அரசியல்வாதி அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவேன், முகமது என்று முதல் பெயர் வைக்க விட மாட்டேன் என்று பேசினபோது இங்கே எங்கள் கடைகளில் அதுதான் பேச்சு. அவர் எங்களைச் சொல்லவில்லை என்று யாரும் ஆறுதல் அடையவில்லை.

வில்லியனூரான்:
செமூர் பக்கம் என்னைத் தள்ளாதீர்கள் தம்பி. அவர் பெயரை ஆள்களை விலக்கப் பயன்படுத்துகிறார். நான் புதுச்சேரிக்காரன், இதை எங்கள் தாத்தா காலத்துப் பேச்சிலேயே கேட்டவன். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு வந்த நம்மவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஒலியில் குடும்பப் பெயர் உள்ள தமிழர்கள் இன்றும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். சாதி ஒட்டாத பெயர் அது. பதிவேடு தந்த அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அரசு பெயரில் கை வைத்தாலே கெடுதல் என்று சொல்ல வராது.

இன்னொன்று. முழுச் சுதந்திரம் என்றால் பிள்ளையை யார் காப்பது? வலான்சியென் நகரில் ஒரு குழந்தைக்கு நுட்டெல்லா என்று வைத்தார்கள். இன்னொரு குழந்தைக்கு ஃப்ரேஸ், அதாவது ஸ்ட்ராபெர்ரி.

ரென் இளவேனில்:
அந்த இரண்டையும் தடுத்தது 1993 சட்டம்தான், அண்ணா. பெற்றோர் விரும்பியதைப் பதிவாளர் எழுதியாக வேண்டும். பிள்ளைக்குக் கேடு என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், குடும்ப நீதிபதி முடிவு செய்வார். நுட்டெல்லா எல்லா ஆனாள். ஃப்ரேஸ், ஃப்ரேசின் என்ற பழைய பெயருக்கு மாறினாள். ரெனோ என்ற குடும்பப் பெயருள்ள வீட்டில் மகளுக்கு மெகான் என்று வைத்தபோது, அது ரெனோ கம்பெனிக் காரின் பெயராயிற்றே என்று வழக்குப் போனது. 2000-இல் எங்கள் ரென் நீதிமன்றம் பெயர் இருக்கட்டும் என்றது. ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, காரணம் எழுதி முடிவு சொல்கிறார்கள். நாள்காட்டியைக் காட்டி லெ கோர்னிக் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நித்திலா:
அண்ணா, பட்டியலுக்கு வருவோம். பெண் என்றால் லூயிஸ், ழான், செசில். ஆண் என்றால் எத்தியென், ரெமி. இளவேனில் கோபித்துக்கொள்ளாமல் இருக்க மாயெல் ஒன்றையும் சேர்க்கிறேன், பிரெட்டன் மொழியில் இளவரசன். ழான் மட்டும் பார்த்து எழுதுங்கள். பெண் பெயரும் ஆண் பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றுபோல வரும், பிரெஞ்சில் ஒலி வேறு.

வில்லியனூரான்:
எத்தியென், செசில் இரண்டையும் அனுப்புகிறேன். மாயெலை மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன், அவர் அம்மா பிரிட்டனியில் பிரெஸ்ட் பக்கம். ஆனால் இளவேனில், நீதிபதி கையில் விடுவதும் அரசு கையில் விடுவதுதான். ஒருவருக்கு நுட்டெல்லா கேடு, இன்னொருவருக்கு வளைகோடு கேடு. கேம்பேரில் மறுத்ததும் நீதிமன்றம்தானே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ரென் இளவேனில்:
சொல்கிறேன். கேம்பேரில் மறுத்ததை ரென்னில் மாற்ற முடிந்தது, ஏனென்றால் மேல்முறையீட்டில் வாதாட வழி இருந்தது. ஃபான்ஷ் இன்று வளைகோட்டோடுதான் பதிவேட்டில் இருக்கிறான்.