ஆஸ்டியோசர்கோமா: நாங்கள் தேர்ந்த அறுவை சிகிச்சைகள்

ஒரு தாய்:

என் மகளுக்குப் பத்து வயதில், தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணி இரண்டு மாதம் கழித்துவிட்டோம். இரவில் வலி அவளை எழுப்பத் தொடங்கிய பிறகே எக்ஸ்ரே எடுத்தோம்.

அறுவைக்கு முன், கட்டியிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் பார்த்த மருத்துவர் அன்றே செய்துவிடலாம் என்றார். செவிலியரான என் அக்கா தடுத்தார். ஊசி சென்ற வழியிலும் புற்றணுக்கள் தங்கக்கூடும் என்பதால் பின்னர் கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். தவறான இடத்தில் குத்திவிட்டால் காலைக் காப்பதே கடினமாகும். ஆகவே, கட்டியை அகற்றப்போகிறவரே ஊசி நுழையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். அக்காவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

பத்து வாரக் கீமோவுக்குப் பிறகு மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, நிபுணர் மூன்று வழிகளைச் சொன்னார். முழங்காலுக்கு மேலே காலைத் துண்டிப்பது ஒன்று. கட்டியுள்ள எலும்பை மூட்டோடு அகற்றி, பிள்ளை வளர வளர நீட்டக்கூடிய உலோக மூட்டைப் பொருத்துவது மற்றொன்று; தொடை எலும்பு பெரும்பாலும் முழங்காலையொட்டிய வளர்ச்சித் தட்டால்தான் நீள்கிறது, கட்டியோடு அதுவும் போய்விடுகிறது. மூன்றாவது ரொட்டேஷன்பிளாஸ்டி. முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, நரம்பைக் காத்து, கீழ்க்காலை 180 பாகை திருப்பித் தொடையோடு இணைக்கிறார்கள். பாதம் பின்னோக்கி அமையும். அதைச் செயற்கைக் காலுக்குள் நுழைத்து நடக்கும்போது கணுக்காலே முழங்காலாக மடங்கி நீளும்.

அப்படித் திருப்பி இணைத்த காலின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டவே வேண்டாம் என்றேன். மகள்தான், "என் பாதத்தைத் தொட்டால் எனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றார் மருத்துவர். கட்டியைச் சுற்றிலும் நல்ல திசுவோடு முழுமையாக எடுக்க முடிந்தால், உயிர் பிழைக்கும் வாய்ப்பில் இம்மூன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை என்று அவர் தெளிவாக விளக்கியதால்தான், அவள் ஓடியாட விரும்புகிறவள் என்பதை வைத்து எங்களால் ரொட்டேஷன்பிளாஸ்டியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அறுவைக்குப் பிறகும் கீமோ தொடர்ந்தது. எலும்பு ஒட்டுவதற்கு நெடுநாள் ஆயிற்று. நான்கு ஆண்டுகள் கடந்த இப்போது அவள் ஓடுகிறாள். தன் குதிகாலை "முட்டி" என்றே சொல்கிறாள்.

மற்றொருவர்:

எனக்கு 17 வயதில், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் அதே நோய் வந்தது. வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்ததால் சாதாரண உலோக மூட்டையே பொருத்தினார்கள். முட்டிச் சிப்பியின் தசைநாரை உலோகத்தோடு இணைக்க வேண்டியிருந்ததால், காலை முழுமையாக நீட்டும் வலு இன்றுவரை திரும்பவில்லை. ஆறாம் ஆண்டில் மூட்டில் கிருமித்தொற்று வந்தது. உலோகத்தை எடுத்துவிட்டு, கிருமிக்கொல்லி கலந்த சிமென்ட்டைச் சில மாதம் வைத்திருந்து, பிறகு புதிய மூட்டைப் பொருத்தினார்கள்.

இத்தேர்வுக்காக நான் வருந்தவில்லை. என் காலோடுதான் நடக்கிறேன், அந்த வயதில் அது எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் மூட்டு தளரலாம், தொற்று வரலாம், வாழ்நாளில் மறு அறுவைகள் வரக்கூடும் என்பதை முதல் நாளே விரிவாகக் கேட்டறிந்திருந்தால், அந்த ஆறாம் ஆண்டை நோயே திரும்பிவிட்டது என்ற அச்சத்தில் தொடங்கியிருக்க மாட்டேன்.