பூநாரைக்கு என்ன கலர்? பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை டீச்சர்:
மூன்று வருடமாக உறுத்துகிறது. ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளி, நாலாம் வகுப்பு, பறவை ப்ராஜெக்ட். பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, வரையச் சொன்னேன். எல்லாரும் ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் சாம்பலும் பழுப்புமாகத் தேய்த்து வைத்திருந்தான். அவன் அப்பா பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்பவர். "கலர் தப்பு" என்று சிவப்பு மையில் எழுதினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

தை மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர். வேனை ஓரங்கட்டி இறங்கினால், கூட்டத்தின் ஓரமாகப் பத்துப் பதினைந்து சாம்பல் பறவைகள் மேய்கின்றன. பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்றவனிடம், "அதெல்லாம் சின்னதுடா, இன்னும் கலர் ஏறல" என்றான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். குஞ்சு சாம்பலாகத்தான் வளரும். பாசியும் குட்டி இறாலும் தின்னத் தின்ன, இரண்டு மூன்று வருடத்தில்தான் நிறம் பிடிக்கும். நோட்டைத் திருத்திக் கொடுக்கலாம் என்று கேட்டால், அது பழைய பேப்பர்காரனிடம் போயாச்சு.

தடா அப்பா:
டீச்சர், மற்ற பிள்ளைகள் அடித்த கலரும் தப்புதானே? அதை ஏன் விட்டீர்கள்? நம் ஏரிக்கு வருவதில் பெரும்பாலும் 'பெரிய பூநாரை' என்கிற வகை. உடம்பு ஏறக்குறைய வெள்ளை. இறக்கையை விரித்தால்தான் ரோஸ் தெரியும், ஓரம் கறுப்பு.

நானும் மாட்டியவன்தான். மகளுக்குப் பள்ளியில் பறவைப் பாட்டு கேட்டார்கள். 'நாராய் நாராய் செங்கால் நாராய்' சொல்லிக்கொடுத்து, பூநாரைப் படத்தை ஒட்டிவிட்டேன். "நாயனா, பனங்கிழங்கைப் பிளந்த மாதிரி கூர்வாய்னு பாட்டுல வருது, இதுக்கு மூக்கு வளைஞ்சிருக்கே?" என்றாள். செங்கால் நாரை வேறு, பூநாரை வேறு. படத்தைக் கிழித்து எடுத்ததில் சார்ட்டும் போச்சு.

வடிகட்டி:
என் கதை ஒரு வரி. என் மகன் டீ வடிகட்டியோடு தலையைக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரில் வாய் வைக்கப் போனான். தப்பு என்மேல், பூநாரை தின்பதை நடித்துக் காட்டச் சொன்னது நான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கலர் அடிக்கிற படத்தை முதலில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பறவையைப் பார்த்த பிறகு வரையட்டும், பார்க்காத இடத்தை வெள்ளையாக விடட்டும். நோட்டில் தேதி, நேரம், தண்ணீர் காலில் எதுவரை நின்றது, இதெல்லாம் எழுதட்டும். ஒரு பேசினில் சேறு கரைத்து அரிசி போட்டு வடிகட்டியைக் கொடுங்கள். அலகைத் தலைகீழாக வைத்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி, ஓரத்துச் சீப்பில் இரையை நிறுத்துகிற வித்தை அப்போதுதான் புரியும். களிமண்ணில் அலகு செய்யச் சொல்லுங்கள். காலுக்கு ஈர்க்குச்சி. பாதிக் காலில் பின்பக்கம் மடங்குவது முட்டி இல்லை, கணுக்கால். அதையும் கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே தப்பாகச் சொல்வார்கள். படகில் போனால் கூட்டத்துக்கு நடுவே விடச் சொல்லாதீர்கள், மேய்ச்சல் கெட்டுவிடும்.

ஏரிக்கரை டீச்சர்:
நான் யோசனை கேட்கவில்லைங்க. அந்தப் பையன் இப்போது ஏழாவது. போன வாரம் மீன் மார்க்கெட்டில் பார்த்தேன், "வணக்கம் டீச்சர்" என்றான். படத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. இறாலை மட்டும் கொஞ்சம் கூடவே போட்டான்.

தடா அப்பா:
அந்த வடிகட்டி நைலானா, கம்பியா?