மலக்குழி மரணங்களைப் பற்றிக் கூத்து: அறக்கட்டளை நிதி கேட்பது எப்படி?

கேள்வி (செய்யாறு ஜமா)

செய்யாறு பக்கம் எங்கள் கூத்து ஜமா (ஆட்டக் குழு). பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுகிறோம். மலக்குழியில் இறங்கி உயிரை விட்டவர்களைப் பற்றி ஒரு புதுக் கூத்து கட்ட ரொம்ப நாளாக ஆசை. இறந்தவர்களின் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதிலிருந்து பாட்டு எடுக்க வேண்டும். விருப்பமிருந்தால் அவர்களும் களரி ஏறி ஆட வேண்டும். கோயில் கமிட்டியிடம் இதற்குப் பணம் கேட்க முடியாது. எங்களுக்கு டிரஸ்ட் பதிவு கிடையாது, ஆங்கிலமும் சரளமாக வராது. எங்கே தொடங்குவது?

பதில் (திருச்சி நாடக அக்கா)

தம்பி, முதலில் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸைப் பாருங்கள். 1993-இல் தொடங்கிய அறக்கட்டளை. தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம்.

ப்ரொபோசலில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். மனிதரைக் கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இன்னும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள், செத்துப்போகிறார்கள். களத்தில் கர்ணன் சாயும்போது கண் கலங்கும் அதே ஊர், இந்தச் சாவை ஏன் தன் சாவாக நினைப்பதில்லை? உங்கள் கூத்து கேட்கப்போவது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. கூத்தை நடத்திப்போகும் கோமாளியான கட்டியக்காரன் ஊராரைப் பார்த்து நேராகக் கேட்கலாம். துண்டறிக்கையால் அது முடியாது. ஏன் கூத்து என்பதற்கு அதுவே பதில், அதை விரிவாக எழுதுங்கள்.

பட்ஜெட்டில் அந்தப் பெண்களைப் ‘பயனாளிகள்’ என்று போடாதீர்கள். ஜமா ஆட்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் அவர்களுக்கும். பேச வரும் நாட்களுக்கும் கூலி, பயணப்படி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் சேருங்கள். ஒத்திகையில் பழைய துக்கம் கிளறப்படும், ஒரு மனநல ஆலோசகருக்கும் பணம் ஒதுக்குங்கள். பாட்டு கட்டி முடித்த பிறகும் ‘என் கதை வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுத்தில் இருக்கட்டும்.

காலத் திட்டத்தை உங்கள் சீசனை வைத்துப் போடுங்கள். ஆடி முடிந்ததும் சந்திப்புகள், மழைக்காலத்தில் பாட்டும் ஒத்திகையும், தை மாசியில் ஆட்டம்.

பதில் (டிரஸ்ட் கணக்கு பார்ப்பவர்)

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைக் கலை, பண்பாட்டுக்கும் தரலாம், 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் வெளி அமைப்பு வழியாகச் செலவழித்தால் அதற்கு டிரஸ்ட் போன்ற பதிவும் 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிப் பதிவுகளும் கம்பெனி விவகார அமைச்சகம் தரும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்: பொதுவாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள அமைப்பும் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. யாராவது ‘எங்கள் கணக்கில் வாங்கித் தருகிறோம்’ என்றால் ஒதுங்கிவிடுங்கள். இப்போதைக்கு, தனிநபருக்கும் தரும் உள்நாட்டு அறக்கட்டளைதான் உங்களுக்குச் சரி.

செய்யாறு ஜமா

ரொம்ப நன்றி. இன்னொன்று, அக்கா. சாதியைப் பற்றிப் பேசும் இடத்தை அறக்கட்டளை குறைக்கச் சொன்னால்?

திருச்சி நாடக அக்கா

கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பிரதியை அவர்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டுமா, வீடியோ யாருக்குச் சொந்தம், பாதியில் நிறுத்தினால் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். சாதியை விட்டுவிட்டு இந்தச் சாவைச் சொல்ல முடியாது, அதனால் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பிடிக்காதவர்கள் அங்கேயே விலகட்டும். அறக்கட்டளையோடு பேசப் போகும்போது அந்தப் பெண்களில் இருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.