வச்ச முடியெல்லாம் ரெண்டாம் மாசம் கொட்டினப்போ

போன ஆனியில கோயம்புத்தூர்ல சொட்டைக்கு முடி நட்டுக்கிட்டேன். எஃப்யூஇ முறை, அதாவது பின்மண்டையில இருந்து முடிய வேரோட ஒவ்வொண்ணா எடுத்து சொட்டையில நடுறது. அப்படி 2,400 கிராஃப்ட் (வேரோட எடுத்த குட்டி முடிக் கொத்து) வச்சாங்க. வலியைப் பத்தித்தான் எல்லாரும் கேக்குறாங்க. மரத்துப்போற ஊசி குத்துனப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான்.

மூணாம் நாள் நெத்தி வீங்கி, இமை வரைக்கும் இறங்கிடுச்சு. அம்மா பயந்துட்டாங்க. தலையில ஏத்துன மருந்துத் தண்ணிதான் கீழ இறங்குது, தானா வடிஞ்சிடும்னு டாக்டர் சொன்னார். வடிஞ்சுது. ஒரு வாரம் தலையணைய அடுக்கி வச்சு, பாதி உக்காந்த மாதிரியே தூக்கம். பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்து, குட்டிக் குட்டி முடியோட தலை அழகா இருந்துச்சு.

மூணாவது வாரத்துல கொட்ட ஆரம்பிச்சுது. துண்டுல, தலையணை உறையில, எங்க பார்த்தாலும் வச்ச முடி. பக்கத்துல இருந்த பழைய முடியும் கொஞ்சம் சேர்ந்து போச்சு. ரெண்டாம் மாசக் கடைசியில முன்னாடி இருந்ததவிட மோசம். சேர்த்து வச்ச காசெல்லாம் போச்சேன்னு ராத்திரியில உக்காந்து அழுதிருக்கேன்.

அப்பா விவசாயி. "நட்ட நாத்து மொதல்ல பழுக்கும்டா, வேர் புடிச்சப்புறம்தான் பச்ச கட்டும்"னார். டாக்டர் சொன்னதும் அதேதான். உதிர்றது மேல இருக்குற தண்டு, வேர் உள்ளேயே இருக்கு. இடம் மாறின அதிர்ச்சியில அது ரெண்டு மூணு மாசம் ஓய்வுக்குப் போயிடுது. நாலாம் மாசம் சின்னச் சின்னப் பரு வந்துச்சு, சிலதுல முடி எட்டிப் பார்த்துச்சு. முதல்ல நூல் மாதிரி மெல்லிசாத்தான் வரும். இப்ப ஒன்பதாம் மாசம், வகிடு எடுத்துச் சீவுறேன்.

—

தம்பி, உன் பதிவப் படிச்சேன். எனக்கும் முடி வச்சாங்க, ஆனா உச்சியில. முன்பக்கத்தவிட உச்சி மெதுவாத்தான் வரும். ஒரு வருஷம் ஆகியும் சொட்டை தெரிஞ்சுது, 15ஆம் மாசத்துக்கு மேலதான் அடைஞ்சுது. நட்ட முடி பின்மண்டையில இருந்து வந்தது, மொதல்ல ஒரு தடவ கொட்டி முளைச்சப்புறம் அது சுலபமா உதிராது. சுத்தி இருக்குற பழைய முடிக்கு அந்த பலம் கிடையாது. அதனால எனக்கு ஃபினாஸ்டரைட்னு முடி உதிர்றதக் குறைக்குற மருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க, இன்னும் விடல.

—

அண்ணா, எனக்கு இது அஞ்சாவது வாரம், தினமும் கொட்டுது. உங்க பதிவப் படிச்சப்புறம்தான் உயிர் வந்துச்சு. பின்மண்டை இன்னும் மரத்தே இருக்கு, உங்களுக்கும் இருந்துச்சா?

—

இருந்துச்சு தம்பி, எனக்கு மூணு மாசம் ஆச்சு முழுசா உணர்வு வர. பரு வந்தா கிள்ளாத. சீழ் வச்சு வலிச்சா மட்டும் உடனே டாக்டர்கிட்ட காட்டிடு.